விடிந்தும் அவிழ்க்காத கயிறு

இதை யார் எடுத்தாலும் தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள். அம்மாவுக்கு வேண்டாம். மாமாவுக்கு வேண்டவே வேண்டாம். கணக்கு நோட்டுதானே என்று பின்பக்கம் புரட்டியிருப்பீர்கள். மூடி, தவிட்டு மூட்டைக்குப் பின்னாலேயே வைத்துவிடுங்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

தை 13, செவ்வாய்

காலையில் பனி. பஸ் லைட் போட்டுக்கொண்டு வந்தது. அரூர் வரை ஜன்னல் எல்லாம் மூடியே.

அறிவியல் மிஸ் மொபைலைப் பார்த்துப் படித்தார். குளிர்கால முழுநிலவுக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒரு பெயராம். ஓநாய் நிலா. பனி நிலா. பசி நிலா. வகுப்பே சிரித்தது.

"எங்க மலைல ஓநாய் இல்லீங்க மிஸ், எங்கூட்டு நாய்தான் ஊளையிடும்" என்றாள் மல்லிகா. அவளுக்குச் சித்தேரி மலை. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்.

"அப்ப உங்க ஊர்ல என்ன பேருன்னு கேட்டு எழுதிட்டு வாங்க. திங்கக்கிழமை வேணும்."

இதுவரை கிடைத்தவை:

கார்த்திகை – விளக்கு நிலா. எல்லோருக்கும் தெரிந்தது.
மார்கழி – காவல் நிலா. ராகிக் காட்டில் பன்றிக்குக் காவல் இருக்க டார்ச் வேண்டாம்.
அதே மார்கழி, மலையில் – சாமை நிலா. மல்லிகா சொன்னது. நிஜமா, அப்போதே கதை கட்டிவிட்டாளா தெரியாது.
தை, கன்னடம் பேசும் வீடுகளில் – அவரை உண்ணிமெ. உண்ணிமெ என்றால் பௌர்ணமி. அன்று அவரைக்கொட்டைக் குழம்பு கட்டாயம்.
தை, எங்கள் ஊரில் – பொண்ணு நிலா.

இதற்கு மட்டும் விளக்கம் எழுத வேண்டும். தைப் பௌர்ணமியன்று ஒரு பெண்ணை நிலாவுக்குக் கட்டிக்கொடுப்பார்கள். விளையாட்டுக் கல்யாணம். ஆவாரம்பூ மாலை போட்டு, ஊர்க் கிணற்றுப் பக்கம் பச்சை ஓலைக் குடிசையில் உட்கார வைப்பார்கள். வயதான ஒருத்தி நிலாவுக்குப் பதிலாக மஞ்சள் கயிறு கட்டுவாள். சுற்றிக் கும்மி. விடிவதற்குள் அந்தப் பெண்ணே கயிற்றை அவிழ்த்து, விளக்கோடு கிணற்றில் விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான். மறுநாள் பள்ளிக்கூடம்.

இந்த வருடம் நான்தான் நிலாப் பொண்ணு! வழக்கமாக ஆறாவது, ஏழாவது பிள்ளைகள். நான் பத்தாவது. அம்மாதான் ஊர்ப் பெண்களிடம் கேட்டு வாங்கினாள். மல்லிகாவுக்குப் பொறாமை. காட்டிக்கொள்ளவில்லை.

தை 15, வியாழன்

எழுத்து கோணல்.

இன்று முதல் பள்ளி இல்லை. காப்புக் கட்டிவிட்டார்கள். பௌர்ணமி முடியும் வரை நிலாப் பொண்ணு ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. சரி, பெயர்களாவது கேட்கலாம் என்று செல்வியக்கா வீட்டுக்குப் போனேன். எங்கள் தெருவின் கடைசி வீடு. அக்கா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். குழந்தை காலடியில். மூத்தது அங்கன்வாடி போயிருந்தது.

"வாங்க நிலாப் பொண்ணு. உக்காருங்க. நாங்கல்லாம் உங்கள வாடி போடின்னு பேசலாங்களா?"

சிரித்தேன். முறத்தில் கைவைத்து நானும் உரித்தேன். பட்டுப்புடவை எடுத்ததைச் சொன்னேன். அக்காவின் கை நின்றுவிட்டது.

"பட்டா? யாரு எடுத்தா?"

"மாமா. சேலத்துல."

"நிலாப் பொண்ணுக்கு அம்மா பழைய புடவதான்டி கட்டணும். உங்க மாமன் எதுக்கு எடுக்கறான்?"

அக்கா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எனக்கும் பட்டு எடுத்தாங்க. ஒம்பதாவது படிச்சேன். குடிசைக்குள்ள இவரு வந்து உக்காந்தாரு. ஏதோ வெளையாட்டுன்னு நெனச்சுச் சிரிச்சேன். கட்டுனாரு. வெளிய எல்லாம் கும்மி. விடியறப்ப அவுத்துக் கெணத்துல விடலாம்னு கழுத்துல கைய வச்சேன். எங்கத்த கையப் புடிச்சுக்கிச்சு. 'இது அவுக்கற கயிறு இல்ல கண்ணு'ன்னுச்சு."

அக்கா மறுபடி மொச்சையை எடுத்து உரித்தாள்.

"கல்யாணம்னு பத்திரிக அடிச்சாத்தான, மைக் கட்டுனாத்தான ஆபீசருங்க தடுக்க வருவாங்க? பண்டிகைன்னா எவன் வருவான்?"

எனக்கு அந்த இரவு ஞாபகம் இருக்கிறது. நான் நான்காவது படித்தேன். கும்மி அடித்தேன். சர்க்கரைப் பொங்கல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். செல்வியக்கா அழுததை, நிலாவைப் பிரிகிற அழுகை என்று சொன்னார்கள். நம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் இதை எழுதுகிறேன்.

தை 16, வெள்ளி

வெயில். சாயங்காலம் மறுபடி குளிர்.

அப்படி இருக்காது என்று நினைத்துக்கொண்டே எழுந்தேன். மாமா அம்மாவின் தம்பி. போர்வெல் லாரியில் வேலை. என்னைத் தோளில் வைத்துத் தீர்த்தமலைப் படி ஏறியவர். எனக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

அரிசி ட்ரம்மில் படி போட்டேன். படியில் ஏதோ தட்டியது. சின்னச் சிவப்பு டப்பா. உள்ளே தாலி. தங்கம்.

அப்படியே அரிசிக்குள் அமுக்கிவிட்டேன். சோறு வடித்தேன். கை சுட்டது, தெரியவில்லை. மாமா வந்து சாப்பிட்டார்.

"சோறு கொழஞ்சிருச்சே பாப்பா" என்றார். சிரித்துக்கொண்டே. பாப்பா என்கிறார்!

பாத்திரம் கழுவும்போது பின்பக்கம் பேச்சு.

அம்மா: "பத்தாவது பரீட்சயாவது எழுதட்டும்டா."

மாமா: "எழுதட்டுங்க்கா, யாரு வேணாம்னா? கட்டிட்டு எழுதட்டும்."

அம்மா: "அவங்கப்பா பெங்களூர்ல. கட்டட வேல முடிஞ்சு எப்ப வருதோ. வயசுப் பொண்ண வச்சுக்கிட்டு நான் ஒருத்தி வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். நீன்னா எனக்குத் தூக்கம் வரும்."

அம்மா அழுதாள். அதுதான் இன்னும் பயம். திட்டினால் எதிர்த்துப் பேசலாம். அழுகிற அம்மாவிடம் என்ன சொல்வது?

மிஸ் படித்த ஓநாய் நிலா. எல்லோரும் சிரித்தோமே.

தை 17, சனி

பனி. விரல் மரத்துவிட்டது.

ஓடிப் பார்த்தேன். எழுதிவிடுகிறேன்.

அம்மா சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனதும் புத்தகப் பையோடு பஸ் ஸ்டாப். அரூர் போய் ஹாஸ்டலில் மல்லிகாவிடம் சொன்னால் வார்டன் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பு. பஸ்ஸும் வந்தது. படியில் கால் வைத்தேன்.

"ஐயோ, நிலாப் பொண்ணு!"

தக்காளிக் கூடைக்காரம்மா கையைப் பிடித்துவிட்டாள். கண்டக்டர் கும்பிட்டார்.

"எல்ல தாண்டக் கூடாதும்மா. எங்க வண்டிக்கு ஆவாது."

"பரீட்ச இருக்குங்க."

"சனிக்கெழம என்னா பரீட்ச? பாவம், படிப்புன்னா உசுரு இதுக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். யாரும் திட்டவில்லை. ஒருத்தி தலையில் பூ வைத்தாள். ஒருத்தி தன் குழந்தையை என் காலடியில் கிடத்தி எடுத்தாள். மூன்று பேர் கைகோத்து வீட்டுக்கே கொண்டுவந்து விட்டார்கள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். தக்காளிக்காரம்மா மாமாவுக்குச் சொந்தம். மூடிக்கொண்டேன்.

அம்மா பையைப் பார்த்தாள். செல்போனை எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மதியம் செல்வியக்கா ஆவாரம்பூக் கூடையோடு வந்தாள். மாலை கட்டுகிற சாக்கு. பள்ளிச் சுவரில் எழுதியிருக்கிற குழந்தைகள் உதவி நம்பருக்குப் போன் பண்ணச் சொன்னேன், காதோடு.

"என் போன் அவருகிட்ட இருக்குதுடி."

அக்கா இன்னொரு சரத்தை முடிச்சுப் போட்டாள். பிறகு அக்காவே:

"குடிசைக்குள்ள போறதுக்கு முன்னால உன்னக் கேப்பாங்க. ஞாபகம் இருக்குதா?"

இருக்கிறது. 'நிலாப் பொண்ணே, என்னா வேணும்?' என்று ஊரே கேட்கும். அவள் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னால் மழை வராது. எல்லாப் பிள்ளைகளும் கரும்பு, முறுக்கு என்றுதான் கேட்கும். போன வருடத்துப் பெண் நாய்க்குட்டி கேட்டாள். வாங்கிக் கொடுத்தார்கள். கேட்டதும் பெண்களில் ஒருத்தி முதலில் குலவை போட வேண்டும். போட்டுவிட்டால் அது முடிவு.

"நீ என்னக்கா கேட்ட?"

"ஜவ்வு முட்டாய்."

சிரித்தாள். நானும். அப்புறம் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு எனக்கு ஒண்ணும் தெரியாதுடி. உனக்குத் தெரியுமில்ல."

"நான் கேட்டா நீ குலவை போடுவியா?"

அக்கா பூவைப் பார்த்தாள். "அவரும் அங்கதான் நிப்பாரு" என்றாள். நார் தீர்ந்துவிட்டது என்று எழுந்து போய்விட்டாள்.

தை 18, ஞாயிறு. பொண்ணு நிலா

வானம் சுத்தம். நிலா வேப்பமரத்துக்கு மேலே வந்துவிட்டது. கொட்டாங்கச்சி உள்பக்கம் போல வெள்ளை.

எண்ணெய்க் குளியல் ஆயிற்று. பட்டுக் கட்டியாயிற்று. உறுத்துகிறது. பெண்கள் வந்து கதவைத் தட்டும் வரை நிலாப் பொண்ணு உள்ளே தனியாக இருக்க வேண்டும். அதனால்தான் எழுத முடிகிறது. வளையல் கையால்தான் தட்டுவார்கள்.

பின்னல் போடும்போது அம்மா: "கேக்கறப்ப கரும்பு கேளு. அதோட நிறுத்திக்க பாப்பா." கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவுக்கும் பயம்.

மாமா வெள்ளை வேட்டியில் வாசலில் நடக்கிறார். செருப்புச் சத்தம் கேட்கிறது. அரிசி ட்ரம்மில் டப்பா இல்லை. பார்த்துவிட்டேன்.

என்ன கேட்பது என்று எழுதி எழுதி அடித்தேன்.

~~மாமா குடிசைக்குள் வரக் கூடாது.~~ (சண்டை வரும். நாளைக்கு வீட்டுக்குள்ளேயே கட்டிவிடுவார்.)

~~படிக்க வேண்டும்.~~ (கட்டிட்டுப் படி என்பார்கள்.)

கடைசியில் இது: "வழக்கப்படி கிழவியம்மாதான் கயிறு கட்டணும். விடியறதுக்குள்ள நானே அவுத்துக் கெணத்துல விடணும். காலைல பத்துப் பொம்பளைங்க சேந்து என்னைய ஹாஸ்டல்ல கொண்டுபோய் விடணும்."

மூன்றும் ஒரே மூச்சில். சத்தமாக. கும்மி நின்ற உடனே. சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை குரலே வரவில்லை. இரண்டாம் தடவை மூலையில் கட்டியிருக்கிற ஆடு திரும்பிப் பார்த்தது.

மிஸ்ஸுக்கு நாளை பட்டியல் கொடுக்க வேண்டும். பொண்ணு நிலாவுக்கு எதிரே விளையாட்டுக் கல்யாணம் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

பாட்டு கேட்கிறது. தெருமுனை. கிட்டே வருகிறார்கள். செல்வியக்கா குரல் இருக்கிறதா? ஒன்றாகப் பாடுகிறார்கள், பிரிக்க முடியவில்லை. அக்கா, முன்னால் நில்லு. ஒரே ஒரு குலவை. உனக்கு அன்று கிடைக்காததை எனக்கு

வளையல். தட்டுகிறார்