சாணைக்கல்லில் ஒரு கை

14 மே 1993

அன்புள்ள லுத்விகா அக்காவுக்கு, சிகாகோ வரை கேட்கும்படி உன் தம்பி காயெத்தான் எழுதுவது.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டு ஆண் வாத்து ஃபெலெக் சென்ற செவ்வாயன்று முட்டை இட்டபடியால், அதன் ஆண் பட்டம் உடனடியாகப் பறிக்கப்படுகிறது. அம்மா மூன்று நாளாகச் சிரிக்கிறாள். அப்பா சிரிக்கவில்லை. அவர் இப்போது எதற்கும் சிரிப்பதில்லை.

காரணம் பெனிக்னா சிஸ்டர். உனக்கும் ஞானோபதேசம் எடுத்தவர்தானே? "மாதாவுக்கு நம்ம பாஷை ஒரு வார்த்தை தெரியாதுடா, அவ யூதப் பொண்ணு" என்று வகுப்பையே வாயடைக்க வைப்பாரே! மடத்து முற்றத்தில் பதித்திருப்பது யூதர் கல்லறைக் கற்கள் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து, நாற்பது வருடமாக அதே வேலை. கற்களில் இருந்த யூத எழுத்தைப் படிக்கக் கற்றார். கற்களைப் பெயர்த்தெடுத்தார். போரில் தப்பிப் பிழைத்த யூதர்களைத் தேடி உலகமெல்லாம் கடிதம் போட்டார். பெரிய வெள்ளியன்று யூதரைத் திட்டிப் பிரசங்கம் வைத்த மூன்று பங்குத்தந்தைகளோடு மல்லுக்கு நின்றார். யூத குரு என்று கேலியாக ஊர் அவருக்கு வைத்த பெயர் 'ரபி சிஸ்டர்'.

போருக்குப் பிறகு நம் ஆட்கள் மீதிக் கற்களை வட்டமாக வெட்டிச் சாணைக்கல் ஆக்கிக்கொண்டார்கள் அல்லவா? இப்போது எழுபது வயதில் சிஸ்டர் அவற்றை மீட்கக் கைவண்டியோடு வீடு வீடாகப் போகிறார். "பழசக் கொடு, புதுசு வாங்கிக்கோ." வண்டி தள்ளுவது யார்? உன் வீரத் தம்பி! ஒன்பது வீடு, ஒன்பது கல். நாய் பாய்ந்தாலும் நான்தான் முன்னால்.

ஜூன் கடைசியில் ஹைஃபாவிலிருந்து சிப்போரா என்ற அம்மாள் தன் தாத்தாவின் கல்லைப் பார்க்க வருகிறார். மடத்தில் இருப்பது பாதிக் கல்தான்: அதில் செதுக்கிய ஒரு இடது கை. வலது கை எங்கே என்று உனக்கும் எனக்கும் தெரியும். நம் கொட்டகையில் சாணை சுற்றும்போது நமக்கு டாட்டா காட்டுமே, அதுதான். டாட்டா இல்லையாம் அக்கா, ஆசி கூறும் கையாம். உள்ளங்கை நடுவே அச்சுக்குப் போட்ட துளை. அப்படித் துளையுள்ள கையைக் கோவிலில் சிலுவையில் முத்தமிடுகிறோம், வீட்டில் அதை வைத்து அரிவாள் தீட்டுகிறோம்.

அப்பாவிடம் மெல்லக் கேட்டேன். "கல்லு போனா பின்னாலயே வீடும் போகும்டா, மடையா" என்றார். நம் வாசல் நிலையில் சாய்வாக ஒரு பள்ளம் இருக்குமே, விரல் விட்டு விளையாடுவோமே! யூதர்கள் வேதவாசகம் பதிக்கும் இடமாம் அது. மறுநாளே அப்பா அதில் சிமெண்ட் பூசிவிட்டார். சனிக்கிழமை மடத்துக் கதவில் யாரோ தார் ஊற்றியிருந்தார்கள். அப்பாவின் கையுறையில் தார் வாசனை. கூரைக்கு என்றார். நம்முடையது ஓட்டுக் கூரை.

செவ்வாயன்று அவர் சந்தைக்குப் போனதும் நான் சாணையைக் கழற்றி, சாக்கில் போட்டு, வண்டியில் ஏற்றி, பட்டப்பகலில் ஊர் நடுவே தள்ளிக்கொண்டு மடத்து வாசல்வரை போய்விட்டேன். இந்த ஊரில் வேறு எவனுக்கு அந்தத் துணிச்சல்?

இதுவரை எழுதியது பெருமை. இனி உண்மை. கதவில் தாரைப் பார்த்ததும் என் கால் நகரவில்லை. சிஸ்டர் வெளியே வந்து, "சாக்குக்குள்ள என்னடா?" என்றார். உருளைக்கிழங்கு என்றேன். மண்ணில் புதைந்த வண்டிச் சக்கரத்தைப் பார்த்தார். "நல்ல கனம். அந்தம்மா வர்ற வரைக்கும் கெட்டுப்போகாதுல்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தாரைச் சுரண்டப் போய்விட்டார். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகவே என் வீரப் பட்டமும் ஃபெலெக்கின் பட்டத்தோடு பறிக்கப்படுகிறது.

அப்பா உன் பேச்சைத்தான் கேட்பார். அவருக்கு எழுது அக்கா. வீட்டைப் பற்றியோ தாரைப் பற்றியோ எழுதாதே. அந்தக் கையைப் பார்த்து நாம் சிரித்ததை மட்டும் எழுது. கல்லைப் பழைய இடத்தில் மாட்டிவிட்டேன், கை சுவர்ப் பக்கம் இருக்கும்படி. அது என்னைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

சீக்கிரம் எழுது.

உன்
காயெத்தான்