ஒட்டுப்பால் பந்து

கச்சால் தீவு, தகர ஷெல்டர்
12.3.2006

அன்புள்ள ஜெயராணிக்கு,

தகரத்துக்குக் கீழே பாதி வெந்தும் பாதி வேகாமலும் உன் மதினி ஒச்சம்மா எழுதுவது. முழுசாக வெந்து முடிவதற்குள் பதில் போடு. நீ போர்ட் பிளேர் கப்பல் ஏறி வருஷம் ஆகப் போகிறது. அங்கே மின்னி பே பக்கம் மேம்சாப் வீட்டு ஃபேனுக்குக் கீழே சப்பாத்தி உருட்டுகிற கைக்கு ஒரு காகிதத்தைத் தொட நேரமில்லையா? நான் சிலோன் லயத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோடு நின்றவள். என் எழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். நீ எட்டாவது படித்தவள். உனக்கென்ன கேடு?

இங்கே நடக்கிற கூத்தைக் கேள். மெயின்லாண்டிலிருந்து இன்னும் சுனாமி ரிலீஃப் மூட்டை வருகிறது. பிரித்துப் பார்த்தால் அத்தனையும் கம்பளி ஸ்வெட்டர். இந்த வேக்காட்டில்! உன் அண்ணன் தேவேந்திரன் ஒன்றை மாட்டிக்கொண்டு, "எப்படி இருக்கேன்?" என்று கேட்டார். "பொண்ணு பாக்கப் போற கரடி மாதிரி இருக்கீங்க" என்றேன். கோபித்துக்கொண்டு சாயங்காலம் வரை பேசவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது.

அப்புறம் எனக்கு ஒரு யோசனை வந்தது. நுனியைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று நூல் பிரிகிறது. பக்கத்து அறை இந்திராணி இழுக்க, நான் சுற்ற, கூடை நிறைய நூல் உருண்டை. அதில் பூ செய்தோம், வாசலுக்குத் தோரணம் செய்தோம், தென்னோலை விசிறிக்குக் கரை கட்டினோம். பிள்ளைகளுக்கு லீவு விட்டால் பாக்கு மட்டையில் உட்கார வைத்து ஒருத்தரையொருத்தர் இழுத்துக்கொண்டு திரிவார்கள். அதுவரைக்கும் நாங்கள்தான் பிள்ளைகள்.

உன் புருஷனைப் பற்றி, அதுதான் என் தம்பியைப் பற்றி, கேட்கமாட்டாய், தெரியும். கேட்காவிட்டாலும் சொல்வேன். வெள்ளைச்சாமி விடியக்காலம் ரப்பர் பால் வெட்டப் போகிறான், வருகிறான், படுக்கிறான். கொடுத்ததைத் தின்கிறான். உப்பு இல்லை என்றுகூடச் சொல்வதில்லை. உப்பே போடாமல் கொடுத்துப் பார்த்தேன், அதையும் தின்றுவிட்டான். அவனுக்கு இருக்கிற ஒரே வேலை பந்து சுற்றுவது. ரப்பர் மரத்தில் வெட்டின கோட்டில், முந்தின நாள் பால் காய்ந்து நாடா மாதிரி ஒட்டியிருக்குமே, அந்த ஒட்டுப்பாலை உரித்து உரித்துச் சுற்றுகிறான். உரித்த தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது. வெயிலில் பிசுபிசுக்காமல் இருக்க, பிள்ளைக்குப் போடுகிற மாதிரி பவுடர் வேறு.

"ஏன்டா, புதுசாப் பொண்டாட்டி செய்யறியா? தலை வரைக்கும் முடிஞ்சிருச்சு போல" என்றேன். சிரிக்கவில்லை.

மே மாசம் லீவு போட்டு வா புள்ள. நான் கேலி செய்ய இங்கே ஆள் பத்தவில்லை.

உன் மதினி
ஒச்சம்மா

*

மின்னி பே, போர்ட் பிளேர்
2.4.2006

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எழுதாமல் இருந்தது தப்புதான். அண்ணனை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. மேம்சாப் பிள்ளைகள் இரண்டும் "தீதி, தீதி" என்று பின்னாலேயே வருகிறார்கள். வெயிலுக்கு வெளியே விடுவதில்லை. அதனால் பழைய பேப்பரில் விசிறி, தொப்பி என்று மடித்துக் கொடுக்கிறேன். படகு கேட்டார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

மதினி, ஒன்று கேட்க வேண்டும். அவர் சுற்றுகிற பந்து எந்தப் பந்து? கடல் வந்ததற்கு முந்தின நாள், அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் என் பிள்ளை பானு உள்ளே ஒரு மஞ்சாடி விதையை வைத்துச் சுற்ற ஆரம்பித்தாளே, அதுவா? இல்லை, இவர் புதிதாக ஆரம்பித்ததா? அதுவாக இருக்க முடியாது. அது வீட்டோடு போயிருக்க வேண்டும். ஆனாலும் தெரிந்துகொண்டால் நல்லது.

நான் கேட்டதாக அவரிடம் சொல்ல வேண்டாம்.

மே மாதம் வரப் பார்க்கிறேன். அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சொல்லாமல்தான் கப்பல் ஏறினேன்.

உங்கள்
ஜெயராணி

*

கச்சால்
20.4.2006

அன்புள்ள ஜெயாவுக்கு,

வரப் பார்க்கிறேன் என்று எழுதிவிட்டாய். நான் தோரணத்தை என் வாசலிலிருந்து கழற்றி உன் வாசலில் கட்டிவிட்டேன். சிவப்பும் பச்சையும் மஞ்சளும். பார்த்தால் லாரிக்குப் பூஜை போட்ட மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.

சொல்ல வேண்டாம் என்று எழுதினாய். என்னிடமா? சோற்றை வாயில் வைத்துக்கொண்டே பேசுகிறவள் நான். டீயைக் கொடுத்துவிட்டு, "டேய், ஜெயா கடுதாசி போட்டிருக்கா, பந்தைப் பத்திக் கேக்குறா" என்றுதான் ஆரம்பித்தேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"கேட்டாளா?"

"கேக்காம? அது பானு பந்தா, நீ செஞ்சதாங்கிறா."

"பானு பந்துதான்க்கா."

"அது எப்படிடா? கரண்டிகூட மிஞ்சலையே அந்த வீட்டுல."

அப்போதுதான் சொன்னான். இவ்வளவு நாளும் என்னிடம்கூடச் சொல்லவில்லை, அழுத்தக்காரன். சனிக்கிழமை அவன் கொண்டுவந்த நாடா காய்ந்துபோய், சுற்றச் சுற்ற அவிழ்ந்துகொண்டே இருந்ததாம். பிள்ளை அழுதுகொண்டே தூங்கினாளாம்.

"மரத்துலருந்து உரிச்ச கையோட சுத்தினாத்தான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டும்க்கா. ஞாயித்துக்கிழமையும் வெட்டு இருந்துச்சுல்ல. கிளம்புறப்போ அவ தலைமாட்டுல கிடந்துச்சு. சத்தமில்லாம எடுத்துக்கிட்டுப் போனேன். மரத்தடியிலேயே சுத்திப் பெருசாக்கி, அவ எந்திரிக்கிறதுக்குள்ள பழைய இடத்துல வெச்சிரலாம்னு."

அப்புறம், "எந்திரிச்சுத் தேடியிருப்பாளாக்கா?" என்றான்.

"தேடாம? அப்பன் திருட்டுப்பயன்னு உன்னை ஏசியிருப்பா" என்றேன்.

சிரித்தான், ஜெயா. நிஜமாகச் சிரித்தான். சுனாமிக்கு அப்புறம் அவன் பல்லை நான் பார்த்ததே இல்லை. பல் எல்லாம் இருக்கிறது, ஒன்றும் கொட்டவில்லை. நீ கேட்ட ஒரு கேள்விக்கே இவ்வளவு பேசினான் என்றால், நீ வந்து நின்றால் என்ன ஆகும்? வா புள்ள. கப்பல் டிக்கெட் எடுத்ததும் ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பு. கப்பல் அணைகிற ஜெட்டியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து நிற்கச் சொல்கிறேன் என் வீட்டுக் கரடியை.

உன் மதினி
ஒச்சம்மா

*

மின்னி பே
9.5.2006

மதினி,

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். இந்திராணி அக்காவிடம்கூட வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இத்தனை நாள் எழுத முடியவில்லை. நான் பானுவின் கையை விட்டுவிட்டேன் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுவிடுவாரோ என்று தினமும் பயந்தேன். கேட்கவே மாட்டாரோ என்றும் பயந்தேன். அதனால்தான் போர்ட் பிளேர் வந்தேன்.

நான் விடவில்லை மதினி. அவள்தான் உருவிக்கொண்டாள்.

நிலம் ஆடினதும் வெளியே ஓடி வந்து ரோட்டில் நின்றோம். கடல் உள்ளே போய்ச் சேறு தெரிந்தது. மேட்டுக்கு ஓடுங்கள் என்று யாரோ கத்தினார்கள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். எழுந்ததிலிருந்தே சிணுங்கிக்கொண்டிருந்தாள். "அம்மா, என் பந்தைக் காணோம், தலைமாட்டுல வெச்சேன், காணோம்" என்று. "அப்புறம் தேடலாம், வா" என்றேன். "தண்ணி வந்தா பந்து போயிரும்மா" என்று சொல்லிக் கையை உருவிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். வீடு இதோ எதிரில்தான் இருந்தது. வாசல் வழியாகப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினாள். அதற்குப் பிறகு வாசலும் இல்லை, வீடும் இல்லை.

பந்து கட்டிலுக்கடியில் எங்கேயோதான் உருண்டிருக்கும் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். மே மாதம் வந்து இதை அவரிடம் சொல்லிவிடலாம், இரண்டு பேரும் அந்தப் பந்தை ஏசிக்கொண்டே அழுதுவிடலாம் என்று துணிந்திருந்தேன். இப்போது எதைச் சொல்வேன்? அது அங்கே இல்லவே இல்லை. அவர் பையில் இருந்திருக்கிறது.

சொன்னால் அவர் உயிரோடு இருக்கமாட்டார். சொல்லாமல் கூட இருக்க எனக்குத் தெரியாது. முகத்துக்கு நேரே எனக்குப் பொய் வராது, உங்களுக்குத் தெரியும். தேடினாளா என்று ஒரு நாள் என்னிடம் கேட்பார்.

அந்தப் பந்தை எப்படியாவது அவர் கையிலிருந்து வாங்கிவிடுங்கள். என்னை வரச் சொல்லாதீர்கள்.

ஜெயராணி

*

கச்சால்
11.6.2006

ஜெயாவுக்கு,

மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுகிற சத்தத்தில் நாம் பேசுவது நமக்கே கேட்பதில்லை. எனக்கு அது இப்போது வசதியாகத்தான் இருக்கிறது.

உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன். இந்திராணி, "என்ன சேதி, தம்பி பொண்டாட்டி வர்றாளாமா?" என்றாள். "மேம்சாப் விடமாட்டேங்கிறாளாம்" என்றேன். உன் அண்ணன் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "ஒடம்புக்கு முடியலையா? என்னை ஏசவே மாட்டேங்கிறியே" என்று கேட்டார். அவரிடம்கூடச் சொல்லவில்லை. என் வாய்க்கு இப்படி ஒரு பூட்டு போட உன்னால்தான் முடிந்தது.

பந்தை நான் கேட்க வேண்டியே வரவில்லை. அவனே கொண்டுவந்து கொடுத்தான். "அவகிட்ட பானுவோடது ஒண்ணுமே இல்லக்கா. அதான் அவளால இங்க வந்து இருக்க முடியல. இதை அனுப்பிரு, அவ வெச்சுக்கட்டும்" என்றான். பந்து அவன் மடியில் இருந்தது. கொடுக்கும்போது ஒரு தடவை பவுடர் தட்டினான். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டுமே.

பையில் போட்டு ஜெட்டிக்குப் போனேன். கப்பல் நின்றது. ஏறுகிறவர்களில் தெரிந்த முகம்கூட இருந்தது. கொடுக்க மனம் வரவில்லை. அதை உன் கையில் எப்படிக் கொடுப்பேன்? கடலில் எறியலாம் என்று கையை ஓங்கினேன். அது மிதக்கும். மிதந்து கரைக்குத்தான் வரும். அவன் தினமும் கரையில் நடக்கிறவன். அதுவுமில்லாமல், அந்தக் கடலுக்கு நாம் இன்னும் என்ன கொடுக்க வேண்டும்?

திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு, பிரித்து வைத்த கம்பளி நூலை அதன்மேல் சுற்றினேன். சிவப்பு, அதன்மேல் பச்சை, அதன்மேல் சாம்பல். ரப்பர் தெரியாமல் போகும்வரை சுற்றினேன். இப்போது மற்ற நூல் உருண்டைகளோடு என் கூடையில் கிடக்கிறது. கொஞ்சம் கனம், அவ்வளவுதான்.

நேற்றுத் தம்பி வந்து அந்தக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தான். "ஏன்க்கா, இவ்வளவு நூலு வெச்சிருக்கியே, மச்சானுக்கு வால் ஒண்ணு பின்னிக் குடேன், கரடி முழுசாயிரும்" என்றான். அவனாகக் கேலி பேசுகிறான், ஜெயா! நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அடுப்பில் புகை என்று முந்தானையை எடுத்துக்கொண்டேன்.

பந்து வந்துவிட்டதா என்று இப்போது ஒவ்வொரு கப்பலுக்கும் கேட்கிறான். வந்தது என்று ஒரு கடுதாசி போடு. அவன் பேருக்கே போடு. முகத்துக்கு நேரே பொய் வராது என்று எழுதியிருந்தாய். காகிதத்துக்கு ஏது முகம்?

வா வா என்று உன்னைப் பிடுங்கி எடுத்தவள் நான்தான். தோரணம் கட்டினவளும் நான்தான். மழையில் அது சாயம் இறங்கித் தொங்குகிறது. நாளைக்கு அவிழ்த்துவிடுகிறேன். நீ வராதே புள்ள. நல்லா இரு. எனக்கு மட்டும் எப்போதாவது எழுது. அவனைச் சாப்பிட வைப்பது என் பாடு.

உன் மதினி
ஒச்சம்மா

*

மின்னி பே, போர்ட் பிளேர்
5.7.2006

பானு அப்பாவுக்கு,

பந்து பத்திரமாக வந்து சேர்ந்தது. கப்பலில் வந்ததில் ஒரு பக்கம் லேசாக அமுங்கியிருந்தது. கையால் உருட்டிச் சரி செய்துவிட்டேன். பவுடர் போட்டு, வெயில் படாமல் என் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். இங்கே பிள்ளைகள் எடுத்து விளையாடக் கேட்டார்கள். கொடுக்கவில்லை.

இனிமேல் நீங்கள் சுற்ற வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மதினி போடும் சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால் வாய் திறந்து சொல்லுங்கள். அவர்களுக்கு அதில்தான் சந்தோஷம். எனக்கு இங்கே வேலை நிலைத்துவிட்டது. என்னை எதிர்பார்த்து ஜெட்டிக்கு வர வேண்டாம்.

நீங்கள் மதினியிடம் ஒன்று கேட்டீர்களாம். அவர்களுக்குத் தெரியாது, சும்மா சொல்லியிருக்கிறார்கள். நான்தான் கூட இருந்தேன். அன்றைக்கு நிலம் ஆடினபோதுகூடப் பானு கண் திறக்கவில்லை. தூக்கத்தோடுதான் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். தண்ணீர் வந்தபோது என் பிடிதான் விட்டுப்போனது. அவளுக்கு ஒன்றுமே தெரியாது.

அவள் பந்தைத் தேடவே இல்லை.

ஜெயராணி