சொலமன் தீவு எலி

தோர்ண்டன் ஹீத்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகளுக்கு,

போனில் சொன்னால் என் குரலை வைத்தே பயந்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நான் துப்புரவு வேலை செய்யும் மியூசியத்தில், அலமாரித் தட்டைத் துடைக்க ஒரு கண்ணாடிப் போத்தலைத் தூக்கினேன். அது கையிலிருந்து விழுந்து உடைந்துவிட்டது. உள்ளே ஸ்பிரிட்டில் கிடந்தது சொலமன் தீவுகளின் எலி. பூனையளவு இருக்கும். காட்டு மரங்களின் உச்சியில் வாழுமாம். உயிரோடு அதைக் கண்டவர்கள் வெகு சிலர்தானாம். அப்படிப்பட்டது என் கால் சப்பாத்தின் மேல் கிடந்தது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

பொறுப்பாளர் ஓடிவந்து அதைக் குழந்தையைப்போல் இரு கையாலும் ஏந்தி, வேறு போத்தலில் வைத்தார். எலிக்கு ஒன்றும் ஆகவில்லை, கண்ணாடி உன்னை வெட்டியதா என்று கேட்டார். ஏசவில்லை.

கூட வேலை செய்யும் இம்மாகுலேற்தான் என்னை விடவில்லை.

"அக்கா, போத்தல் வழுக்கேல்லை. நான் பாத்துக்கொண்டுதானே நிண்டனான். கையை நீட்டுங்கோ."

"குளிர், பிள்ளை."

"ஹீற்றர் போட்ட அறைக்குள்ள என்ன குளிர்? எத்தினை மாதமா இப்பிடி நடுங்குது?"

வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். உன் பெரியம்மாவுக்கும் வலது கையில்தான் தொடங்கியது. கடைசி வருடங்களில் அவவுக்கு நான்தான் சோறு ஊட்டினேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு டொக்டரைப் பார்க்கவேண்டும். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. உனக்குப் பரீட்சை நெருங்குகிறது, வரச்சொல்லிக் கேட்க மாட்டேன். நீ படிக்கும் லீட்ஸிலிருந்து விடியற்காலையிலும் ஒரு ரயில் இருக்கிறதாம். சும்மாதான் பார்த்தேன்.

உன் அம்மா