இரத்தத்தில் ஊறிய சலாம்

என்னைப் பெற்ற மாரியாயி, என் அம்மா,

நீ பேப்பரில் வந்திருக்கிறாய். சந்தோஷமா? மடுல்சீமை மலையில் இருபத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தாய். பேர் போடுகிற தோட்டத்துச் செக்ரோலைத் தவிர வேறு எந்தத் தாளும் உன்னைக் கண்டுகொள்ளவில்லை. செத்து நாலு மாதத்தில் எங்கள் கம்பஸில் மாணவர்கள் நடத்தும் பத்திரிகை உனக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்துவிட்டது.

படத்தைச் சொல்கிறேன். தலையில் கூடை மாட்டிய ஒரு பொம்பளை. இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கு. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முதுகை வளைத்துச் சலாம் வைக்கிறாள். எதிரே நாற்காலியில், கால் இரண்டிலும் களிசான் மாட்டிய ஒரு தெருநாய். கீழே எழுதியிருக்கிறது: ‘இரத்தத்தில் ஊறிய சலாம். தோட்டக்காட்டான் கம்பஸுக்கு வந்தாலும் முதுகு நிமிராது.’ சிரிப்பதற்கான பகிடிப் பக்கமாம். தமிழில்தான் எழுதியிருந்தார்கள் அம்மா. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

மலையகப் பிள்ளைகள் நாங்கள் பதினாறு பேர் கூடினோம். எனக்கு எழுத வரும் என்று பதில் எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். இரண்டு பக்கம் எழுதினேன். காடு வெட்டினோம், ரோடு போட்டோம், நாட்டுக்கே சோறு போட்டோம் என்று எல்லாம் வந்தது. உன் பெயர் மட்டும் வரவில்லை. ‘ஒரு தாய்’ என்று எழுதியிருந்தேன். எந்தத் தாய்? யாருடைய தாய்?

பத்திரிகைக்குப் பொறுப்பானவர் நாலாம் வருடத்து அண்ணன் ஒருவர். என் பதிலை வாசித்துவிட்டுத் தாளை ஒழுங்காக மடித்தார்.

“நல்லா எழுதியிருக்கிறீர். அடுத்த இதழில போடுறம். ஆனா இந்தக் கதையை முதல்ல ஆர் சொன்னதெண்டும் சேத்துப் போடுவமோ?”

நான் தாளைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினேன்.

“இல்ல, சும்மா கேட்டனான். நீர்தானே நடிச்சுக் காட்டி எல்லாரையும் சிரிக்க வச்சனீர். படம் மட்டும்தான் எங்கட.”

ஆமாம் அம்மா. நான்தான்.

என்னைக் கம்பஸில் விட நீ வந்தாயே, அந்த ஒரு நாள் ஞாபகம் இருக்கிறதா? தோட்டத்தில் களிசானும் சப்பாத்துமாக வருகிறவர் தொரையாக இருப்பார், இல்லையென்றால் தொரைக்கு வேண்டியவராக இருப்பார். எதற்கும் ஒரு சலாம் வைத்துவிடுவது உன் வழக்கம். அன்றைக்குக் கன்டீனுக்குத் தேங்காய் இறக்க வந்த லொறி டிரைவரைக் கண்டாய். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாய், பாதையை விட்டு ஒதுங்கினாய், “சலாங்க தொரை” என்றாய். சுற்றிலும் புதிதாக வந்த பிள்ளைகள் நின்றார்கள். நான் நாலடி தள்ளிப்போய் நோட்டீஸ் போர்டை வாசிக்கத் தொடங்கினேன். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதல் மாதம் ஹொஸ்டலில் எவளும் என்னோடு பேசவில்லை. ஒரு நாள் இந்தக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிஸ்கட் பக்கெட்டை என் பக்கம் நீட்டினார்கள். அத்தனை மலிவாக உன்னைக் கொடுத்தேன். பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன், எழுந்து நின்று நடித்தும் காட்டினேன். நாய் அவர்கள் சேர்த்தது. முதுகை வளைத்துக் காட்டியது நான்.

ஆனால் கதையில் பாதியைத்தான் சொன்னேன். அந்த டிரைவர் பதறிப்போய், “அம்மா, நான் லொறி ஓட்டுற ஆளும்மா, எனக்கு எதுக்கு சலாம்?” என்றார். நீ அசரவில்லை. “இருந்துட்டுப் போங்க. எம்புள்ள இங்கதான் படிக்கப்போகுது. கண்டா பாத்துக்குங்க” என்றாய். அவர் உன்னைத் திருப்பிக் கும்பிட்டார். இதைச் சொன்னால் யாருக்குச் சிரிப்பு வரும்? வெட்டிவிட்டேன்.

அந்த மனுசன் மறக்கவில்லை. மூன்று வருடமாக, லொறி வருகிற ஒவ்வொரு திங்கட்கிழமையும் என்னைக் கண்டால் “அம்மா சுகமா?” என்று கேட்பார். யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே “சுகம்” என்பேன். நீ செத்த பிறகும் கேட்டார். அப்போதும் “சுகம்” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அத்தனை சலாம் வைத்து நீ என்ன கண்டாய்? குளவி கொட்டி மலையில் விழுந்த அன்று தோட்டத்து லொறி கொழுந்தோடு நின்றது. முதலில் கொழுந்தை இறக்கிவிட்டு வரட்டும் என்று தொரை சொன்னாராம். கொழுந்து வாடிவிடும் அல்லவா. பதுளை ஆஸ்பத்திரிக்கு நீ போய்ச் சேர்ந்தபோது உடம்பு குளிர்ந்திருந்தது. உன் சலாமுக்கு மதிப்புக் கொடுத்தவர் அந்தத் தேங்காய் லொறிக்காரர் ஒருவர்தான்.

போன சனிக்கிழமை தோட்டத்தில் நம் லயத்து வீட்டுக்கு வந்தேன். என் பையிலிருந்த பத்திரிகையை அப்பா எடுத்துவிட்டார். அவருக்கு வாசிக்க வராது, படம் பார்ப்பார். வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இது ஒங்கம்மாடி. கையப் பாரு, செருப்ப இப்புடித்தான் இடது கையில புடிப்பா. யாரு வரைஞ்சது?”

“கம்பஸ்ல இருக்கவங்கப்பா.”

“நாய எதுக்குப் போட்டிருக்காங்க?”

நான் பையை இழுத்து மூடினேன்.

“சும்மா அழகுக்குப் போட்டிருப்பாங்க” என்று அவரே சொல்லிக்கொண்டார். பிறகு கத்திரிக்கோல் கேட்டார். மாலை போட்டு வைத்திருக்கிற உன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டுமாம். “கூடையோட அவ இருக்க படம் நம்மகிட்ட ஒண்ணுகூட இல்லையே” என்றார்.

நாயை மட்டும் வெட்டிவிட்டு ஒட்டிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். நான் அப்படிப்பட்டவள்தான் அம்மா. கத்திரிக்கோலைக் கையில் எடுத்தும்விட்டேன். பிறகு அவரை உட்காரவைத்து, கீழே எழுதியிருந்ததை ஒரு சொல் விடாமல் வாசித்துக் காட்டினேன். அது யார் வாயிலிருந்து போனது என்பதையும் சொன்னேன்.

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சோறாவது இறங்கியிருக்கும். தாளை மடித்து என்னிடம் தந்தார்.

“நீ தள்ளிப்போயி நின்னது ஒங்கம்மாவுக்குத் தெரியும்டி” என்றார்.

“அம்மா சொன்னாங்களா?”

“அன்னைக்கு வந்ததுமே சொன்னா. ‘பாவம், புள்ளைக்கு வெக்கமாப் போச்சு, இனி நான் அங்கிட்டுப் போகமாட்டேன்’னா.”

மூன்று வருடத்தில் நீ ஏன் மறுபடி வரவில்லை என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. மலை ரோடு மோசம், பஸ் ஒழுங்காக இல்லை என்று மற்றவர்களிடம் சொல்லிவைத்திருந்தேன். நீ வராதது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

இரண்டு பக்கப் பதிலையும் அடுப்பில் போட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தைத்தான் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். கதையை ஆர் சொன்னது என்று கேட்ட அண்ணனுக்குப் பதில் இதில் இருக்கிறது. படத்தை வரைந்தவரும், அந்த வரியை எழுதியவரும் இதேபோல் கீழே பெயர் போடட்டும் பார்ப்போம். அவர்கள் இதை அச்சிடாவிட்டால் நோட்டீஸ் போர்டில் நானே ஒட்டுவேன். அன்றைக்கு நான் வாசிப்பதாக நடித்த அதே போர்டில்.

திங்கட்கிழமை தேங்காய் லொறி வரும். அந்த மனுசன் “அம்மா சுகமா?” என்று கேட்பார். எல்லாரும் பார்க்கச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து, பாதையை விட்டு ஒதுங்கி நின்று, அவருக்குச் சலாம் வைப்பேன். வைத்துவிட்டு, நீ செத்துப்போனதைச் சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

உன்னை ஒரு பிஸ்கட்டுக்குக் கொடுத்த
உன் மூத்த மகள்,
ஜெயந்தி