எலுமிச்சம்பழம் ஒட்டிய பாட்டில்

ஜூன் 9, 2024

ஆராதனை முடிந்து வந்து இரண்டாவது வகுப்பில் உட்கார்ந்தேன். பேக்கேஜிங் டிசைன், போனிலேயே. பாடம் எடுக்கும் ஜெனிலா என்னைவிடச் சின்னவள், கோயம்புத்தூர்க்காரி. "ஒரு பொருள் முதல்ல வடிவத்தால பேசும், அப்புறம் நிறத்தால. எழுத்து கடைசியிலதான்" என்றாள்.

என் புருஷன் டிக்சன் எட்டிப் பார்த்தார். "டப்பாவுல படம் போட இம்புட்டு படிக்கணுமாளா?"

அவர் அண்ணன் கம்பெனிக்காகத்தான் படிக்கிறேன். அது அவருக்கு மறந்துவிட்டது போல.

ஜூன் 21

டிக்சனின் அண்ணன் எபனேசர் அத்தானுக்கு லேபிள் முடித்துக் கொடுத்தேன். பாத்ரூம் கழுவுகிற ஆசிட். தடித்த வெள்ளை பாட்டில். "எலுமிச்சம்பழம் ஒண்ணு போடு, பாத்தாலே வாசம் வரணும்" என்று கேட்டிருந்தார். பாதி வெட்டிய பழம், நுனியில் ஒரு சொட்டு சாறு. கிரேசி அக்கா பார்த்துவிட்டு, "எத்தான், நம்ம வீட்லயே இப்படி ஒருத்தி இருக்கும்போது வெளிய ஏன் குடுக்கணும்?" என்று புருஷனிடம் சொன்னாள். இந்த வீட்டுக்கு வந்து எட்டு வருஷத்தில் எனக்காக யாராவது சொன்ன முதல் நல்ல வார்த்தை.

ஜூலை 12

பாட்டிலை மாற்றிவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

இழுத்து மூடிய ஏதோ ஜூஸ் கம்பெனியின் மிச்ச பாட்டில்கள் லாரியில் வந்து இறங்கியிருக்கின்றன. இடுப்பு ஒடுங்கிய, கண்ணாடி மாதிரி பாட்டில். உள்ளே மஞ்சளாக ஆசிட். அதற்கு மேல் என் எலுமிச்சம்பழம். அபாயக் குறி பின்பக்கம், பார்கோடுக்குக் கீழே.

"அத்தான், இது குடிக்கிற பாட்டில் மாதிரி இருக்கு."

"ஆசிட்னு எழுதித்தான இருக்கு? படிக்கத் தெரியாதவனா வாங்குதான்?"

"பழைய வெள்ளை பாட்டிலே இருக்கட்டும். இல்லன்னா படத்தையாவது எடுத்துருதேன். மூடியும் அமுக்கித் திருகுற மாதிரி—"

"ஏளா, வகுப்புல படிச்சத வீட்டோட வச்சுக்கோ. இங்கன யாவாரம் நடக்கு."

வேலை செய்கிற பெண்கள் முன்னால் சொன்னார். அது சுட்டது. அதைவிட, அந்த பாட்டிலைப் பார்க்கப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

ஜூலை 14

காலி பாட்டில் ஒன்றில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, எழுத்தை மட்டும் தாள் ஒட்டி மறைத்து, பக்கத்து வீட்டுச் சங்கரம்மாள் அக்காவிடம் காட்டினேன். இது என்னவென்று கேட்டேன்.

"கலரா? யாருக்குளா விசேஷம்?" என்று குடிக்கக் கையை நீட்டினாள்.

டிக்சனிடம் சொன்னேன். "அந்தக்காவுக்குக் கண்ணு தெரியாது" என்று சிரித்தார்.

ஜூலை 15

டிக்சனையும் கூட்டிக்கொண்டு போய் அத்தானிடம் மறுபடியும் சொன்னேன். சரக்கு கடைகளுக்குப் போய்விட்டதாம். டிக்சன் பக்கத்திலேயே நின்றார். வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 19

பெரியதாழையில் ஒருவர் குடித்துவிட்டார்.

ஆகஸ்ட் 20

கடலுக்குப் போய் வந்தவர். தாகம். அடுப்படி ஓரத்தில் பாட்டில் இருந்திருக்கிறது, காலையில்தான் மனைவி வாங்கி வைத்தது. யாரோ கலர் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துத் திறந்து ஒரே மடக்கு. தொண்டை வெந்துவிட்டது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் வயிற்றில் குழாய் போட்டிருக்கிறார்கள்.

சொன்னேனே. சொன்னேனே நான். சொல்லி என்ன ஆச்சு? கத்தியிருக்கணுமோ? லாரிக்கு முன்னால போய் நின்னிருக்கணுமோ?

ஆகஸ்ட் 24

யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மனைவி எமில்டா வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். யார் என்று சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன்.

"அந்தப் பழம் நீங்க வரைஞ்சதா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"நல்லா வரைஞ்சிருக்கீங்க."

அவ்வளவுதான். பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆகஸ்ட் 27

வீட்டில் கூட்டம். போலீஸ் விசாரிக்கப் போகிறது. அத்தான் இதுவரை இல்லாத அன்போடு பேசினார்.

"பாட்டிலு, லேபிளு எல்லாம் நான்தான் எடுத்தேன்னு சொல்லிரு பிரியா. படிச்சுக்கிட்டு இருக்கேன், தெரியாம செஞ்சுட்டேன்னு சொல்லு. பொம்பளப்பிள்ளைன்னு விட்டுருவான். நான் உள்ள போனா கம்பெனியே போச்சு."

கிரேசி அக்கா என் கையைப் பிடித்து அழுதாள். நான் டிக்சனைப் பார்த்தேன். "நான் சொன்னப்ப நீங்க பக்கத்துல நின்னீங்கதான?"

"குடும்பம்னு ஒண்ணு இருக்குல்லாளா" என்றார்.

நான் எதில் சேர்த்தி? கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாரோ என்ற பயம்.

ஆகஸ்ட் 28

வகுப்பு இருந்தது. போனை எடுக்கவில்லை.

செப்டம்பர் 4

போலீஸ் ஸ்டேஷனில் விசாரணைக்கு எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். எமில்டாவும் வந்திருந்தார். புருஷனுக்கு இன்னும் தண்ணீர்கூட வாய் வழியாக இறங்கவில்லையாம்.

முதலில் என்னிடம் கேட்டார்கள். படம் நான் வரைந்தது என்றேன். வெள்ளை பாட்டிலுக்காக வரைந்தது என்றேன். பாட்டிலை மாற்றியது அத்தான், வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னது நான் என்றேன். முழுசாகச் சொல்லி முடித்தேன். அத்தான், "பாட்டில எடுத்ததே அவதான் சார்" என்றார்.

இன்ஸ்பெக்டர் டிக்சனைப் பார்த்து, "உங்க சம்சாரம் எச்சரிச்சாங்களா?" என்று கேட்டார்.

டிக்சன் தரையைப் பார்த்தார். "எனக்கு ஞாபகம் இல்ல சார்."

வேலை செய்கிற பெண்களையும் கேட்போம் என்று எங்களை அனுப்பிவிட்டார்கள். அவர்கள் என்ன சொல்வார்களோ. அவர்களுக்கும் வேலை வேண்டும்.

வெளியே டிக்சன் பைக்கை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, "ஏறு, வீட்டுக்குப் போவோம். மத்தியானத்துக்கு என்ன இருக்கு?" என்றார். ஒன்றுமே நடக்காத மாதிரி. கோபம்கூட இல்லை அவருக்கு.

"நீங்க போங்க" என்றேன்.

திருச்செந்தூர் பஸ் வந்தது. அங்கே இறங்கி மாறினால் நாசரேத், அம்மா வீடு. மாற்றுத்துணிகூடக் கையில் இல்லை. ஏறினேன். கூட்டம். எமில்டா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், சிரிக்கவில்லை. மடியிலிருந்த பையைக் காலடியில் இறக்கி வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டார்.

உட்கார்ந்தேன். ஊர் எல்லையில் ஸ்பிக் நகர் தாண்டும்வரை டிக்சன் போன் அடித்துக்கொண்டே இருந்தார்.