தம்பிக்காக இளைத்த அக்காவுக்கு

அக்கா,

இன்று உன் ஊர் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரருக்குச் சம்பா சாதம் வைத்து, மேலே கத்தரிக்காய் கொத்சுவை ஊற்றினார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே உன் ஞாபகம்தான். என் இலையில் பொரியல் மட்டும். ஆபரேஷனுக்கு அப்புறம் விழுங்குகிற மாத்திரைகளாலும் வயசாலும் எனக்கு உடம்பு போட்டுவிட்டது. "எடை ஏறினா அந்தக் கிட்னிக்கு ஆகாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அறுபதை நெருங்கும்போது டயட் இருக்கிறேன். சோற்றைக் குறைத்த சில நாளிலேயே வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன். நீ செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போதுதான் உறைக்கிறது.

இரண்டு சிறுநீரகமும் கெட்டு, கடலூரில் வீட்டுக்கும் டயாலிசிஸுக்குமாக நான் அலைந்துகொண்டிருந்த காலம் அது. உன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்று வந்து நின்றாய். ரத்தம் பொருந்தியது, மற்றதெல்லாம் பொருந்தியது, எடை மட்டும் இடித்தது. "இந்த எடையோட எடுக்க முடியாதும்மா, குறைச்சிட்டு வாங்க" என்றார் டாக்டர். "குறைச்சிட்டா போச்சு சார்" என்று, யாரோ கறிவேப்பிலை வாங்கிவரச் சொன்ன மாதிரி எழுந்து வந்தாய். அடேயப்பா, என்ன தைரியம் உனக்கு!

முதலில் பேலியோ. சோறு கூடாது, பாதாம் தின்னலாம் என்று யாரோ சொன்னார்கள். "பண்ருட்டியில நம்ம கொல்லையிலயே முந்திரி கொட்டிக் கெடக்கு, பாதாம் எதுக்கு?" என்று நெய்யில் வறுத்து வறுத்துத் தின்றாய். எடை ஜாஸ்திதான் ஆனது. அடுத்து வெறும் பழம் என்று ஆரம்பித்தாய். அதுவோ பலாப்பழ சீசன்! "உன் டயட்டுல பலா மரந்தான்டி எளைக்குது" என்று மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய். அன்று சாயங்காலம் எனக்குப் போன் போட்டு அழுதாய். "நான் லேட் பண்ணப் பண்ண நீ தேஞ்சிகிட்டே போறியேடா."

அதற்கப்புறம் விளையாட்டே இல்லை. டயட்டீஷியன் பெண் காட்டிய கிண்ணத்தளவுதான் சோறு. முட்டிவலியோடு விடியற்காலையில் தேரோடும் நான்கு வீதிகளையும் சுற்றி வந்தாய். உன் மகளின் வளைகாப்புக்கு அத்தனை வகைச் சாதத்தையும் நீயே கிளறினாய், ஒரு பருக்கை வாயில் போடவில்லை. புளிசாதத்தை என்னிடம் நீட்டி, "உப்பு பாருடா" என்றாய்.

"எனக்கே உப்பு ஆகாதுன்னு சொல்லியிருக்காங்களேக்கா."

இரண்டு பேரும் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் மாமாவைக் கூப்பிட்டாய். அவர் ஒரு வாய் போட்டு, "ஒண்ணும் தெரியல, இன்னொரு வாய் குடு" என்றார்.

உன் கன்னம் ஒட்டி, ரவிக்கை தொளதொளவென்று ஆனதைப் பார்த்து எனக்குத் தாங்கவில்லை. "வேணாங்க்கா, விட்டுடு" என்றேன். உனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்காகன்னு நெனச்சியா? எனக்கு இருக்கறது ஒரே தம்பி. நான் எனக்காகப் பண்றேன், நீ சும்மா இரு."

மறுபடியும் எடை பார்த்த அன்று, "ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிடலாம்" என்றார் டாக்டர். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "பசிக்குதுடா" என்றாய். அத்தனை மாதத்தில் அந்த வார்த்தையை உன் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

ஆபரேஷனுக்கு அப்புறமும் பல வருஷம் நன்றாகத்தான் இருந்தாய். போன ஐப்பசியில் மாரடைப்பு. நீ எனக்குக் கொடுத்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். நானும் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன்.

கொள்ளிடத்தில் உன் சாம்பலைக் கரைத்துவிட்டுக் கரையேறினோம். மாமா என்னை நிறுத்தி, ஈரக் கையை என் அடிவயிற்றின் வலப்பக்கத்தில், தையல் தழும்பின் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"அவள பாத்துக்க மச்சான்" என்றார்.

பார்த்துக்கொள்கிறேன் அக்கா. சோற்றைக் கண்டு நாக்கு ஊறும்போதெல்லாம் அங்கேதான் கையை வைக்கிறேன். உள்ளே நீ எனக்காக வேலை செய்துகொண்டிருக்கிறாய்.