ஜோடி சேர்ந்த ஜப்பான் ஜாடி

குத்தாலம்
15-9-1972

அன்புள்ள அத்தானுக்கு,

ராஜாத்தி எழுதுகிறேன். நானும் மலர்கொடியும் சுகம். பினாங்கு மழையில் உங்கள் இருமல் குறைந்ததா? சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். புதுச் சட்டப்படி நம் குத்தகை பதிவாகிவிட்டது. இனி யாரும் நம்மை வயலை விட்டு வெளியேற்ற முடியாது.

புதன்கிழமை தாசில்தார், பண்ணையார் குஞ்சிதபாதம் வீட்டுக் கூடத்திலேயே விசாரணை வைத்தார். "இவங்க போன வருஷம் வந்த கூலியாளுங்க" என்று பண்ணையார் சாதித்தார். நம்மிடம் ஒரு ரசீதும் இல்லை. அவர்கள் என்றைக்கு ரசீது கொடுத்தார்கள்?

நான் அந்தக் கூடத்துக்குள் போனது அன்றுதான். அலமாரி மேல் ஒரு பீங்கான் பூஜாடி. நீலத் தண்ணீர், இடப்பக்கம் பார்க்கும் கொக்கு. நாம் பயறு விதை போட்டு வைக்கும் ஜாடியேதான், நம் கொக்கு மட்டும் வலப்பக்கம் பார்க்கும். பெரிய பண்ணையார் கொடுத்த ஜப்பான் ஜாடி என்று உங்கள் அப்பா சொல்லும்போதெல்லாம் சிரிப்போமே.

வீட்டுக்கு ஓடினேன். விதையைப் பாயில் கொட்டிவிட்டு ஜாடியை இடுப்பில் வைத்துத் திரும்பி ஓடிவந்தேன். வரப்பில் கால் வழுக்கியது, எப்படி விழாமல் வந்தேனோ.

இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் கூடமே எட்டிப் பார்த்தது. ஒரு ஜாடியில் பாதியில் நின்ற நாணல் மற்றதில் தொடர்ந்தது. கையால் வரைந்த பழைய வேலை என்று தாசில்தார் தடவிப் பார்த்தார். பண்ணையார், "திருட்டுச் சாமான்" என்றார்.

உள்ளேயிருந்து அவர் தாயார் மங்களாம்பிகை அம்மாள் வந்தார். "பொய் சொல்லாதே. வெள்ளத்துல அய்யாவுதான் உடைப்பை அடைச்சு நம்ம விளைச்சலைக் காப்பாத்துனான். குத்தகை நெல் அளக்க வந்தப்போ உங்கப்பா தன் கையால அவனுக்கு இந்த ஜாடியைக் கொடுத்தாரு. துடைச்சு எடுத்துக் கொடுத்ததே நான்தான்" என்றார். உங்கள் அப்பா பெயரை அந்தக் கூடத்தில் கேட்டதும் அழுதுவிட்டேன். அம்மாள் சொன்னதையே சாட்சியாகத் தாசில்தார் எழுதிக்கொண்டார்.

ஒன்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. இப்போது சாகுபடி செய்வது யார் என்று தாசில்தார் கேட்டார். ஐந்து வருஷமாக நான்தான் என்றேன். அதனால் பதிவேட்டில் என் பெயரையே எழுதினார். ராஜாத்தி, கணவர் பெயர் சாரங்கபாணி. உங்களுக்கு மனம் நோகக்கூடாது.

ஊரில் நமக்கு என்ன இருக்கிறது என்றுதானே கப்பல் ஏறினீர்கள். இப்போது இருக்கிறது. நாற்று நடவுக்குத் தயார். அப்பா குரல் எப்படி இருக்கும் என்று மலர்கொடி கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தை அறுப்புக்கு ஆள் போதாது, வந்துவிடுங்கள். என் நிலத்தில் உங்களுக்கு வேலை இல்லை என்றா சொல்லப்போகிறேன்?

காயாரோகணேசுவரர் துணையால் கப்பல் உங்களைச் சுகமாகக் கரை சேர்க்கட்டும்.

உங்கள்
ராஜாத்தி